பழைய பவுல்ல புது டேங்க் மாட்டாதீங்க: தண்ணி மிச்சப்படுத்துற டாய்லெட்டுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பேராக்ல இருக்கிற சுங்கை சிப்புட்ல ஒரு தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு அடைப்பு எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னாடி அங்க வேல செஞ்சது ரெண்டு சின்னப் பசங்க, தொழிலுக்குப் புதுசு, ஆனா வேல சுத்தமாதான் இருந்துச்சு, டைல்ஸ்ல ஒரு கீறல் கூட இல்ல. செஞ்ச தப்பு மட்டும் இருபது வருஷத்துக்கு முன்ன நான் செஞ்சது அப்படியே. வீட்டுக்கு வந்தும் மனசு கேக்கல, அதான் எழுதுறேன். பைப்ப அடைச்சிட்டு வேலைய ஆரம்பிங்க, மரைக்கு டேப் சுத்துங்கன்னுலாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

பழைய பவுல், புது டேங்க்

ஹார்ட்வேர் கடையில ரெண்டு பட்டன் வெச்ச பிளாஸ்டிக் டேங்க் தனியா கிடைக்கும். முழு செட்ட விட ரொம்ப மலிவு. வீட்டுக்காரங்களும் "பவுல் நல்லாத்தானே இருக்கு தம்பி, டேங்க மட்டும் மாத்திக் குடுங்க"ன்னு சொல்வாங்க, நாமளும் அரை நாள் வேலைதானேன்னு மாட்டிக் குடுத்துட்டு காச வாங்கிக்கிட்டு கெளம்பிடுவோம்.

பழைய பவுல் 9 லிட்டருக்குன்னு செஞ்சது, அதுக்கும் பழசுன்னா 12, 13 லிட்டர் கூட இருக்கும். உள்ள இருக்கிற வளைவு, தண்ணி சுத்தி இறங்குற ஓட்டை எல்லாமே அந்த அளவ நம்பித்தான் வெச்சிருக்காங்க. அதுல போயி 6 லிட்டர ஊத்துனா தண்ணி சுத்தும், இறங்கும், பாக்குறதுக்கு எல்லாம் போன மாதிரியே இருக்கும், ஆனா வளைவத் தாண்டாம பாதி திரும்பி வந்துடும். அப்புறம் என்ன, ரெண்டாவது தடவ அமுக்கணும், சில நாள் மூணாவது தடவ. 9 லிட்டர்ல முடிஞ்ச வேலைக்கு இப்ப 12, 18 லிட்டர் போகுது.

அது கூட பரவால்ல, பைப்ல நடக்குறதுதான் பெரிய செலவு. இருபது வருஷத்துக்கு முன்ன நான் மாட்டுனது ரப்பர் தோட்டத்துல பால் வெட்டி ரிட்டயர் ஆன ஒரு அக்கா வீட்டுல, வரிசை வீடு, ரெண்டு டாய்லெட், ரெண்டுலயும் டேங்க மட்டும் மாத்துனேன். செப்டிக் டேங்க் வீட்டுக்குப் பின்னால, பைப் முப்பது அடிக்கு மேல ஓடுது, இறக்கம் கம்மி. 4 இன்ச் பைப்புக்கு 40 அடி ஓட்டத்துக்கு 1 அடியாவது இறக்கம் வேணும், அங்க அதுல பாதி கூட இல்ல. அத நான் பாக்கவே இல்ல. மூணு மாசம் கழிச்சு போன் வந்துச்சு. மேன்ஹோல் மூடியத் தூக்கிப் பாத்தா செப்டிக் பக்கம் காஞ்சு கெடக்கு, வீட்டுப் பக்கம் பைப் வாயில டிஷ்யூவும் மத்ததும் சேர்ந்து களிமண்ணு மாதிரி இறுகி நிக்குது. கம்பி விட்டோம், நகரல. அவங்க பின்னால குசினிய இழுத்துக் கட்டி, பைப்புக்கு மேலயே டைல்ஸ் ஒட்டியிருந்தாங்க. தீபாவளிக்கு ஒம்பது நாள் இருக்கு, அந்த டைல்ஸ நான் உடைக்கிறேன், அக்கா முறுக்குச் சட்டிய முன் வாசல்ல வெச்சு சுட்டுக்கிட்டு இருக்காங்க. பைப், டைல்ஸ், ரெண்டு புது செட், எல்லாம் என் கைக்காசு. அக்கா திட்டல, "நீங்க சொன்னீங்கன்னுதானே தம்பி மாத்துனேன்"னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா கூட மறந்திருப்பேன்.

அதனால கைய வைக்கிறதுக்கு முன்ன அளந்து பாருங்க. டேங்க் மூடியத் தெறந்து தண்ணி நிக்கிற இடத்துல பென்சில்ல கோடு போடுங்க, ஸ்டாப் காக்க (டேங்குக்கு தண்ணி வர்ற வால்வ) அடைங்க, ஒரு தடவ பிளஷ் பண்ணுங்க. அப்புறம் 1.5 லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில்ல தண்ணி புடிச்சு கோடு வரைக்கும் ஊத்துங்க. ஆறு பாட்டில் புடிச்சா 9 லிட்டர், நாலுன்னா 6. ஆறு பாட்டில் வந்தா டேங்க மட்டும் மாத்துற பேச்சே வேணாம், பவுலும் டேங்கும் ஒரே செட்டா வாங்கச் சொல்லுங்க, தண்ணி சிக்கனத்துக்கு ஸ்பான் (தேசிய தண்ணி சேவை ஆணையம்) குடுக்குற நட்சத்திர லேபிள் இருக்கான்னு பாருங்க. பைப் நீளமா இறக்கம் கம்மியா இருக்கிற பழைய வீட்டுக்கு நான் 6/3 செட்தான் (பெரிய பட்டனுக்கு 6 லிட்டர், சின்னதுக்கு 3) போடுவேன், 4.5 லிட்டர் செட்டுக்கு இறங்க மாட்டேன்.

லயத்து வீட்டுல சங்கிலி இழுக்குற உயர டேங்க் இருந்தா இன்னும் கவனம். மேலேர்ந்து விழுற வேகத்துலதான் அந்த குந்துற பவுல் சுத்தமாகுது. டேங்க கீழ இறக்குனா அந்த வேகம் போயிடும்.

டேங்குக்குள்ள செங்கல், பாட்டில் போடுறது

தண்ணி மிச்சம் புடிக்கன்னு சிலர் போடுவாங்க, வேணாம். பவுலுக்குத் தண்ணி பத்தாம மேல சொன்ன அதே கதைதான்.

அளவு

சுவர்லேர்ந்து தரையில இருக்கிற கழிவு ஓட்டை நடு வரைக்கும் அளக்கணும், டைல்ஸ் முகத்துலேர்ந்து, வெறும் செங்கல்லேர்ந்து இல்ல. அப்புறம் கடைக்குப் போங்க.

சத்தமில்லாத ஒழுகல்

புது செட் மாட்டுன அன்னிக்கே யாரும் இத செக் பண்றதில்ல. டேங்குல ஒரு சிட்டிக கேசரி பவுடர் போட்டு அரை மணி நேரம் யாரும் அமுக்காம விடுங்க. பவுல்ல கலர் எறங்கியிருந்தா கீழ இருக்கிற ரப்பர் சரியா உக்காரல. ராத்திரி பூரா இப்படி ஓடுனா பட்டன்ல மிச்சம் புடிச்சதெல்லாம் அங்கயே போயிடும். நம்ம பக்கம் தண்ணி கட் ஆகி திரும்பி வர்றப்ப செம்மண் கலர்ல வரும்ல, அந்த மண்ணு ரப்பருக்கு அடியில போயி உக்காந்துக்கும். தொடச்சு விட்டா போதும், புதுசு வாங்க வேண்டியதில்ல.

அடியில சிமிந்தி

முழுக்கப் பூசாதீங்க. அடுத்து கழட்டுறவன் பவுல உடைச்சுத்தான் எடுக்கணும்.

எந்த பட்டன்னு சொல்லாம வர்றது

அஞ்சு பேர் வீடு, ஆளுக்கு அஞ்சு தடவன்னா ஒரு நாளைக்கு 25 தடவ. பழைய டேங்க்ல 225 லிட்டர். 6/3 செட்ல ஆளுக்கு ஒரு பெருசு நாலு சின்னதுன்னு அமுக்குனா 90. நம்ம மலேசியாவுல ஒரு ஆளு ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல செலவு பண்றான், அதோட வெச்சுப் பாத்தா இது பெரிய மிச்சம். ஆனா ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்குற வீடுதான் நான் அதிகம் பாத்திருக்கேன். ஒரு பாட்டி எங்கிட்ட, "சின்னத மட்டும் அமுக்குனா மிஷின் கெட்டுப் போயிடாதாய்யா"ன்னு கேட்டாங்க. ஆறு மாசமா அந்த பயத்துலயே பெருச அமுக்கிக்கிட்டு இருந்திருக்காங்க. அன்னிலேர்ந்து வேல முடிஞ்சதும் கூலி வாங்குறதுக்கு முன்ன வீட்டுல இருக்கிற எல்லாரையும் கூப்புட்டு, ஒவ்வொருத்தர் கையாலயும் ஒரு தடவ சின்னத அமுக்க வெச்சுட்டுதான் வர்றேன்.