மூன்று வாரக் குட்டிக்கும் குளிரும்

"நம் ஊர் வெயிலில் பன்றிக்குட்டிக்கு எங்கே குளிரப் போகிறது?" என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பலர் கேட்பதுண்டு. முதல் தவறே அந்த நினைப்புதான். சாயங்காலம் மழை கொட்டி ஓய்ந்தால், விடியற்காலை மூன்று மணிக்குத் தோட்டத்தில் 23 டிகிரிதான் இருக்கும். நமக்கு அது சுகமான தூக்கம். மூன்று வாரத்தில் தாயைப் பிரிந்த, ஐந்தாறு கிலோ குட்டிக்கோ 28 முதல் 30 டிகிரி வேண்டும். உடம்பில் கொழுப்பு குறைவு. புதுத் தீனி பழகாமல் முதல் இரண்டு நாள் சரியாகத் தின்னாது. தின்னாத வயிற்றில் சூடு பிறக்காது. அப்புறம் கழிச்சல் வந்ததும் மருந்துக்கு ஓடுகிறோம்.

மாலையில் குழாய் பிடித்துக் கொட்டகையைக் கழுவுவது அடுத்த தவறு. பெரிய பன்றிக்கு அது சரி. ஈரச் சிமெண்டில் படுத்த குட்டியின் சூட்டைத் தரையே இழுத்துக்கொள்ளும். காலையில் கழுவுங்கள். படுக்கிற மூலையில் தண்ணீர் படாமல் ஒரு பலகையாவது போடுங்கள். குடிதண்ணீர்க் குழாயும் அந்த மூலையில் வேண்டாம்.

குளிருக்குப் பயந்து கொட்டகை முழுவதையும் தார்ப்பாயால் மூடுவார்கள். நானும் ஒருமுறை மூடினேன். காலையில் உள்ளே போனால் கண் எரிந்தது, குட்டிகள் இருமின. மூத்திரத்தில் கிளம்பும் அமோனியா வெளியேற வழியில்லை. அதனால் கொட்டகை திறந்தே இருக்கட்டும். படுக்கும் மூலையை மட்டும் மூன்று பக்கம் பலகையால் அடைத்து, குட்டிக்கு எட்டாத உயரத்தில் சூட்டு பல்பு ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். வயரில் தொங்கவிட்டால் அறுந்து விழுந்து தீப்பிடிக்கும்.

காற்றை மறிக்க, நிழலுக்கு என்று கொட்டகையை ஒட்டிப் பழமரம் வைக்கவே வைக்காதீர்கள். 1998இல் ஈப்போ பக்கம் தொடங்கி, பன்றியிடமிருந்து மனிதருக்கும் தொற்றிய நிபா காய்ச்சலை மறக்க முடியுமா? 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகள் அழிக்கப்பட்டன. வௌவால் கடித்துப் போட்ட பழத்தின் வழியாகவே பன்றிக்குத் தொற்றியிருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

வெப்பமானியை ஆள் உயரத்தில் மாட்டினால் பயனில்லை. குட்டி படுக்கும் மட்டத்தில் இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். ஆனால் எந்தக் கருவியையும்விடக் குட்டிகளே தெளிவாகச் சொல்லும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். பல்பை விட்டு விலகி, தனித்தனியே மூச்சிரைத்தால் சூடு அதிகம். ஒட்டினாற்போல் வரிசையாக, கால் நீட்டிச் சரிந்து தூங்கினால் சரியாக இருக்கிறது. பிரித்த முதல் வாரம், மழை பெய்த இரவில், டார்ச்சை எடுத்துக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள்.