கீழக்கரையில் வீட்டைப் புதுப்பிக்கக் காண்ட்ராக்டர் பிடிக்கும் முன்

எங்கள் ஊரில் நிறைய வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில். காண்ட்ராக்டரைப் பேசி முடிப்பது பெண்கள் தலையில்தான் விழும். எங்கள் வீட்டில் என் தலையில் விழுந்தது. அதனால் சொல்கிறேன்: டைல்ஸ், மாடுலர் கிச்சன் பேச்சை ஓரமாக வையுங்கள். முதலில் உப்பைப் பற்றிக் கேளுங்கள். கடல் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

வீடு பார்க்க வருபவர் சன்ஷேடுக்கு அடியிலும் பாத்ரூம் கூரையிலும் தட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். முதலில் வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பூசி, ஃபால்ஸ் சீலிங் போட்டுரலாம்க்கா" என்றார். அடுத்து வந்தவர் டேப்பை எடுக்கும் முன்பே சின்னச் சுத்தியலை எடுத்தார். மற்ற இடமெல்லாம் கெட்டியாகக் கேட்டது. சமையலறை ஜன்னலுக்கு மேலே மட்டும் பொள்ளலாக ஒரு சத்தம். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உடைத்தால் உள்ளே கம்பி செதில் செதிலாக உரிந்து வந்தது. இரும்பு துருவானால் பருமன் கூடும். அது கான்கிரீட்டைத் தள்ளிப் பிளந்துவிடும். அதை ஃபால்ஸ் சீலிங்கால் மூடினால், தலைக்கு மேலே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வேலையை இரண்டாமவருக்குத்தான் கொடுத்தேன்.

எப்படிச் சரி செய்வார் என்று வருகிற காண்ட்ராக்டர் வாயாலேயே சொல்லவையுங்கள். கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுக்க வேண்டும். துருவைச் சுத்தமாகத் தேய்க்க வேண்டும். மெலிந்துபோன கம்பிக்குப் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். பிறகு துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த சிமென்ட் கலவை. வெறும் சிமென்ட் பூச்சு என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு, அதாவது உப்பில் இருந்து வருவது, லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456. உங்கள் வீட்டு போர் தண்ணீர் கரிக்கிறதென்றால் கலவைக்கும் வேண்டாம், கான்கிரீட்டை நனைத்து இறுக விடும் கியூரிங்குக்கும் வேண்டாம். லாரித் தண்ணீர் யார் செலவு என்பதை அக்ரிமென்ட்டிலேயே எழுதுங்கள்; வாய்ப்பேச்சாக விட்டால் சண்டை அங்கேதான் வரும். கடல் மணல் கூடவே கூடாது.

புதிதாகக் கூரையோ பீமோ போட்டால், கடல் காற்று நேராகப் படும் இடத்துக்கு அதே ஐஎஸ் கேட்பது குறைந்தது எம் 30 என்ற வலிமைத் தரத்துக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வழி: கான்கிரீட் கொட்டும் முன், கம்பிக்கும் பலகைக்கும் இடையே டேப்பை வைத்து எண் தெரிகிற மாதிரி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அது வராமல் கொட்ட விடாதீர்கள்.

காண்ட்ராக்டர் முன்பு செய்த வேலையை நேரில் போய்ப் பாருங்கள். மதுரையில் செய்த வீட்டின் படம் நமக்கு உதவாது. மண்டபமோ தொண்டியோ ஏர்வாடியோ, கடலோரத்தில் சில மழைக்காலம் பார்த்த வீடாக இருக்க வேண்டும். அந்த வீட்டம்மாவிடம் தனியாக விசாரியுங்கள். சரியான தகவல் அங்கேதான் கிடைக்கும். ஜன்னல் கிரில், கீல், திருகாணிக்கு எவர்சில்வர் என்று மட்டும் எழுதாமல் 316 கிரேடு என்றே எழுதுங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 கிரேடு இங்கே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

கடலை ஒட்டிய வீடென்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்று நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பணத்தை வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள். மாடி வேலை ஐப்பசிக்கு முன் முடிந்தாக வேண்டும். முடிந்ததும் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பாருங்கள். கடைசித் தவணையைக் கார்த்திகை மழை பார்த்த பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். நல்ல காண்ட்ராக்டர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். சுவரைப் பூசும் முன் ஒயர் பைப், தண்ணீர் பைப் போகும் பாதையையெல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.