மேக்பெத் படிக்கும்போது உத்திகளைப் பிடிப்பது எப்படி?

மேக்பெத்தைக் கையில் எடுத்ததுமே உருவகம் எத்தனை, உவமை எத்தனை, நாடக முரண் (பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பது) எங்கெங்கே என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடாதீர்கள். கைடுகளில் அந்தப் பட்டியல் எப்படியும் கிடைக்கும், ஆனால் அதை மனப்பாடம் செய்தால் உத்திகளின் பெயர்தான் நினைவில் நிற்கும், நாடகம் நிற்காது. முதலில் ஓர் இடம் உங்களை ஏன் உலுக்குகிறது என்று பாருங்கள். அதற்கு என்ன பெயர் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வாசிப்பில் பேனா, அடிக்குறிப்பு எதுவும் வேண்டாம். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே மிகச் சிறியது இது, ஒரே நாளில் முடித்துவிடலாம். புரியாத வரிகள் வரும், வரட்டும், தாண்டிப் போங்கள். கதை முன்பே தெரிந்திருந்தாலும் நஷ்டமில்லை. சொல்லப்போனால் முடிவு தெரிந்தவர்களுக்குத்தான் இந்த நாடகம் இன்னும் பயங்கரமாக இருக்கும்.

இரண்டாவது வாசிப்பில் ஒரே ஒரு இழையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரத்தத்தை எடுத்துக்கொள்வோம். முதல் அங்கம் இரண்டாம் காட்சியில் டங்கன் மன்னன் பேசும் முதல் வார்த்தையே, இரத்தம் வழிய நிற்கும் இந்த மனிதன் யார் என்பதுதான். அங்கே இரத்தம் என்றால் வீரம், போர்க்களத்திலிருந்து வந்தவனின் பெருமை. இரண்டாம் அங்கத்தில் அதே டங்கனைக் கொன்றுவிட்டு வந்து நிற்கும் மேக்பெத், கடல் முழுவதும் சேர்ந்தாலும் என் கை கழுவப்படுமா, இந்தக் கை அல்லவா கடலையே சிவப்பாக்கிவிடும் என்று நடுங்குகிறான். அவன் மனைவியோ கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் போய்விடும் என்கிறாள். மூன்றாம் அங்கத்தில், இரத்தத்துக்குள் இவ்வளவு தூரம் இறங்கி நடந்துவிட்டேன், திரும்பிப் போவதும் அக்கரைக்குப் போவதும் ஒரே கஷ்டம்தான் என்கிறான். அப்புறம் ஐந்தாம் அங்கம் முதல் காட்சி. கொஞ்சம் தண்ணீர் போதும் என்ற அதே பெண், தூக்கத்தில் நடந்தபடி இல்லாத கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். சில நேரம் கால் மணி நேரம்கூட இப்படியே கழுவுவார் என்று பணிப்பெண் மருத்துவரிடம் சொல்கிறாள்.

இந்த நான்கு இடங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். கணவனும் மனைவியும் இடம் மாறிக்கொள்வது தெரியும். ஆரம்பத்தில் பதறியவன் கல்லாகிறான், கல்லாக இருந்தவள் உடைந்துபோகிறாள். இதை அவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, திரும்பத் திரும்ப வரும் அந்த இரத்தக் காட்சி, அதாவது படிமம்தான் சொல்கிறது.

நாடக முரணுக்கு முதல் அங்கம் நான்காம் காட்சியைப் பாருங்கள். துரோகம் செய்த காடர் பிரபுவைப் பற்றி டங்கன் வருந்துகிறான்: முகத்தைப் பார்த்து மனதைப் படிக்கும் கலை என்று ஒன்று இல்லையே, அவன் மேல் முழு நம்பிக்கை வைத்திருந்தேனே! அந்த வரி முடிகிற இடத்தில் உள்ளே நுழைவது யார்? மேக்பெத். அதே காடர் பட்டம் இப்போது அவனிடம்தான் இருக்கிறது, கொலை எண்ணமும் மனதில் விழுந்துவிட்டது. டங்கன் அவனையும் மனமார வரவேற்கிறான். இங்கே உத்தி வரியில் மட்டும் இல்லை, ‘மேக்பெத் வருகிறான்’ என்ற மேடைக்குறிப்பிலும் இருக்கிறது. அதனால் மேடைக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

சில இடங்களைக் கண்ணால் படித்தால் போதாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். டங்கனின் கொலை மேடையில் நடப்பதில்லை, கொலை முடிந்த பிறகு கணவனும் மனைவியும் இருட்டில் பேசிக்கொள்வதைத்தான் கேட்கிறோம். “நீங்கள் பேசவில்லையா?” “எப்போது?” “இப்போது.” “நான் இறங்கி வரும்போதா?” ஒரு நண்பரைக் கூட்டு வைத்துக்கொண்டு இதை இடைவெளி விடாமல் படியுங்கள், மூச்சு முட்டும். வழக்கமாகப் பத்து அசையில் நிதானமாக ஓடும் அடி இங்கே துண்டு துண்டாகிறது. நேர், நிரை என்று அசை பிரித்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆங்கிலத்தில் குறில் நெடில் கணக்கு கிடையாது, எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதுதான் கணக்கு. நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகள் பேசும்போது அந்த அழுத்தம் முதல் அசைக்கு மாறி, அடியும் குறுகி, மந்திரம் போல ஒலிக்கும். தூக்கத்தில் நடக்கும் லேடி மேக்பெத்துக்கோ செய்யுளே போய்விடுகிறது, அவள் உரைநடையில் உளறுகிறாள்.

பேராசைதான் மேக்பெத்தின் குறை என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்குப் பிடிக்காது. முதல் அங்கம் ஏழாம் காட்சியில் அவன் தனியாக நின்று தனக்குத்தானே பேசும் தனிமொழியைப் படியுங்கள். டங்கன் என் உறவினன், என் அரசன், என் வீட்டு விருந்தாளி, நல்லவனும்கூட என்று கொலை செய்யக் கூடாததற்கான காரணங்களை அவனே அடுக்குகிறான். எதிர்ப்பக்கத்தில் பேராசையைத் தவிர ஒன்றுமில்லை என்பதும் அவனுக்கே தெரிகிறது. இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவன் செய்கிறான் என்பதுதான் துன்பியல். தனிமொழி இல்லாவிட்டால் இவன் வெறும் வில்லன்.

வரலாற்றுப் பின்னணியை, ஒரு வரியை விளக்க உதவும்போது மட்டும் கொண்டுவாருங்கள். 1603இல் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். அவர் சூனியம் பற்றிப் புத்தகம் எழுதியவர், நாடகத்தில் மேக்பெத்தின் சக தளபதியாக வரும் பாங்கோ தன் முன்னோர் என்று நம்பியவர். ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹோலின்ஷெட்டின் வரலாற்றில் பாங்கோவும் கொலைக்கு உடந்தை, நாடகத்தில் நிரபராதி. ஏன் என்று இப்போது புரியும்.

விடை எழுதும்போது, ‘இரத்தப் படிமம் திறம்படக் கையாளப்பட்டுள்ளது’ என்ற மாதிரி வரிகளுக்கு மதிப்பெண் எதிர்பார்க்காதீர்கள். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார் என்று எழுதி, மூலத்திலிருந்து நாலைந்து சொற்களை மட்டும் மேற்கோள் காட்டி, அந்தச் சொற்களுக்குப் பதிலாக நேரடியாகச் சொல்லியிருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்று விளக்குங்கள்.

பழகிப் பார்க்க உடை என்ற இழையை எடுங்கள். முதல் அங்கம் மூன்றாம் காட்சியில் இரவல் உடையை ஏன் எனக்கு உடுத்துகிறீர்கள் என்று மேக்பெத்தே கேட்பான். ஐந்தாம் அங்கம் இரண்டாம் காட்சியில் அரக்கனின் அங்கியைத் திருடிப் போட்ட குள்ளன் என்று அவனைப் பற்றி அடுத்தவர்கள் பேசுவார்கள். நடுவில் எங்கெங்கே வருகிறது என்று நீங்களே தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.