ஓவியர் நாவல்களை எப்படிப் படிக்கக் கூடாது?

பட்டினி, பித்து, கைவிட்ட குடும்பம், செத்த பிறகு வரும் புகழ். ஓவியர்களைப் பற்றிய நாவல்களில் இதெல்லாம் தாராளமாகக் கிடைக்கும். அந்த ஜோரில் நாம் ஓவியத்தைக் கோட்டைவிட்டுவிடுகிறோம்.

பலரும் செய்யும் தவறு, நாவலை வாழ்க்கை வரலாறாக எடுத்துக்கொள்வது. சாமர்செட் மாம் 1919இல் எழுதிய 'தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்' படித்துவிட்டு, அந்த நாவலுக்குத் தூண்டுதலான பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் ஒருநாள் திடீரென்று வீட்டைவிட்டுக் கிளம்பி ஓவியரானார் என்று நம்புகிறவர்கள் உண்டு. அப்படிக் கிளம்பியது நாவலின் நாயகன் ஸ்ட்ரிக்லேண்ட். கோகன் பங்குத் தரகு வேலையில் இருந்தபோதே தீட்டிக்கொண்டிருந்தவர். 1876இலேயே பாரிஸ் சலோன் கண்காட்சியில் அவர் படம் இடம்பெற்றது. குடும்பத்தைப் பிரிந்தது உண்மைதான், ஆனால் 1882இல் பங்குச் சந்தை சரிந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. நாவலில் ஒரே நாளில் நடப்பது இங்கே வருடக்கணக்கில் நடந்திருக்கிறது.

'அந்தப் பெண் உண்மையில் யார்?' என்று துப்பறிவது அடுத்த வியாதி. டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் தீட்டிய 'முத்துக் காதணி அணிந்த பெண்' யாரென்று எவருக்கும் தெரியாது. அது ஒருவரின் உருவப்படமாக இல்லாமலே இருக்கலாம். அன்றைய டச்சு ஓவியர்கள் சும்மா ஒரு முகத்தை, ஒரு தலைப்பாகையைத் தீட்டிப் பார்ப்பார்கள். டிரேசி ஷெவாலியே இந்தப் படத்தை வைத்து 1999இல் எழுதிய நாவலில் வரும் வேலைக்காரப் பெண் கிரீட் முழுக்கக் கற்பனை. அவளுக்கும் வெர்மீருக்கும் காதலா இல்லையா என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனால் நல்ல இடங்கள் நழுவிவிடும். தொடக்கத்தில் அவள் சூப்புக்கு நறுக்கிய காய்களை நிறவாரியாக வட்டமாக அடுக்குகிறாள். ஒத்துப்போகாத நிறங்களைப் பக்கத்தில் சேர விடுவதில்லை. அப்புறம் ஒருநாள், மேகம் வெள்ளை என்று சொன்னவள், நின்று பார்த்த பிறகு அதில் நீலமும் மஞ்சளும் காண்கிறாள். எனக்கு அந்த நாவல் இந்த இரண்டு காட்சிகள்தான்.

படிக்கும்போது ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாததும் நஷ்டமே. அந்தக் காதணியைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே கழுத்துப்பட்டையின் வெண்மை படிந்த மங்கலான இன்னொன்று, அவ்வளவுதான். காதில் மாட்டக் கொக்கிகூட வரையவில்லை. ஆனால் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பெரிய ஓவியம் என்று நினைத்துவிடாதீர்கள்: அசல் 44.5 செ.மீ. உயரம், 39 செ.மீ. அகலம்.

கடைசியாக, ஐரோப்பிய ஓவியரின் அளவுகோலை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போவது. ஜி. குப்புசாமி மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கும் துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' நடப்பது 1591இல், இஸ்தான்புல்லில். அதில் வரும் நுண்ணோவியர்களில், அதாவது நூல்களுக்குச் சிறு படங்கள் தீட்டுகிறவர்களில், பலருக்குத் தனிப்பாணி பெருமையில்லை, அது ஒரு குறை. கொலையாளியைத் தேடும்போது ஒரு குதிரையின் மூக்குத்துளையை வரைந்த விதம்தான் தடயமாகிறது. கொலைக்கதை அவசரத்தில் பாணி பற்றிய பக்கங்களைத் தாண்டிவிட்டால், அந்த மூக்குத்துளைக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கடைசியில் விழிக்க வேண்டியதுதான்.