சிலிண்டரில் உள்ள காற்று எத்தனை நிமிடம் தாங்கும்? டைவுக்கு முன் போட வேண்டிய கணக்கு

"200 பார் இருக்கு, 50 வந்ததும் மேலே ஏறிடலாம்" என்பதுதான் ஸ்கூபா டைவ் (காற்று சிலிண்டரோடு நீருக்கடியில் நீந்துவது) செய்யும் பலருடைய மொத்தக் கணக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). 12 மீட்டர் ஆழம் வரை அது ஒத்துப்போகும். 30 மீட்டரில் ஒத்துப்போகாது.

முதலில் உங்கள் மூச்சுச் செலவு, அதாவது சாக் ரேட், தெரிய வேண்டும். நீர்மட்டத்தில் அழுத்தம் 1 பார், கீழே போகப் போக ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு பார் கூடும், அதனால் 20 மீட்டரில் (3 பார்) அதே மூச்சுக்கு மூன்று மடங்கு காற்று போய்விடும். 12 லிட்டர் சிலிண்டரோடு சராசரி 20 மீட்டரில் 20 நிமிடம் நீந்தி 90 பார் செலவழித்தீர்கள் என்று வையுங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் ஒவ்வொரு பாருக்கும் 12 லிட்டர் காற்று, ஆக 90 × 12 = 1080 லிட்டர். அதை 20 நிமிடத்தால் வகுத்தால் 54, அழுத்தம் 3-ஆல் வகுத்தால் 18. நிமிடத்துக்கு 18 லிட்டர், இதுதான் உங்கள் எண்.

டைவ் கம்ப்யூட்டர் காட்டும் சராசரி ஆழத்தைத்தான் எடுக்க வேண்டும், அதிகபட்ச ஆழத்தை எடுத்தால் செலவு குறைவாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். தொடக்க அழுத்தத்தையும் தண்ணீருக்குள் இறங்கி ஓரிரு நிமிடம் கழித்துப் பாருங்கள், வெயிலில் சூடான சிலிண்டர் குளிர்ந்ததுமே சில பார் இறங்கிவிடும், அதை நீங்கள் மூச்சாக இழுக்கவில்லை. ஒரே டைவை வைத்து முடிவு கட்டாமல் நாலைந்து டைவுகளின் சராசரியை எடுப்பது நல்லது. நீரோட்டம், குளிர், பயம் எல்லாமே எண்ணை ஏற்றும்.

சரி, இப்போது 30 மீட்டர். மிக மோசமான கட்டத்தில், கூட வந்தவரின் காற்று தீர்ந்து இருவரும் உங்கள் சிலிண்டரிலேயே ஏற வேண்டியிருக்கும். பதற்றத்தில் 18 எல்லாம் நிற்காது, ஆளுக்கு 30 என்று இருவருக்கும் நிமிடத்துக்கு 60 லிட்டர் வையுங்கள். அடியில் சுதாரிக்க 1 நிமிடம்: 60 × 4 = 240. ஏற 3 நிமிடம், சராசரி 15 மீட்டர்: 60 × 2.5 × 3 = 450. 5 மீட்டரில் 3 நிமிட சேஃப்டி ஸ்டாப் (உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற நின்று காத்திருப்பது): 60 × 1.5 × 3 = 270. ஆக 960 லிட்டர், 12 லிட்டர் சிலிண்டரில் 80 பார். 50 பாரில் திரும்புகிறவர் கையில் இருப்பது 600 லிட்டர்தான்!

200 பாரில் இந்த 80 போக மீதி 120 பார், அதாவது 1440 லிட்டர். 30 மீட்டரில் உங்கள் செலவு 18 × 4 = 72, அப்படியானால் 20 நிமிடம், இறங்கும் நேரமும் அதற்குள் அடக்கம். நோ-டெகோ நேரம் (ஏறும்போது கட்டாயமாக இடையில் நிற்கத் தேவையில்லாமல் அந்த ஆழத்தில் இருக்கக்கூடிய நேரம்) அதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் எல்லை.

இன்னொன்று, பாரை வைத்து ஒருவரோடு ஒருவர் ஒப்பிடாதீர்கள். உங்களோடு வருபவர் 10 லிட்டர் சிலிண்டர் மாட்டியிருந்தால் அதே 960 லிட்டருக்கு அவர் 96 பாரிலேயே ஏறத் தொடங்க வேண்டும். யாருடைய கேஜ் (அழுத்தமானி) முதலில் தன் எண்ணைத் தொடுகிறதோ, அப்போதே இருவரும் சேர்ந்து ஏறுவது.