ஃபிப்பர் மெக்கீ வானொலி நகைச்சுவையைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

அமெரிக்காவில் 1935இல் என்.பி.சி. வானொலியில் தொடங்கிய ‘ஃபிப்பர் மெக்கீ அண்ட் மாலி’ தொடரை முதன்முறையாகக் கேட்பவர்கள், 1940களின் தொடக்கத்தில் ஒலிபரப்பான அரைமணி நேரப் பகுதிகளிலிருந்து தொடங்குவது நல்லது. கதையின் போக்கைத் தேடி அலைய வேண்டாம். ஃபிப்பராகவும் மாலியாகவும் நடித்த ஜிம் ஜோர்டன், மரியன் ஜோர்டன் என்ற நிஜத் தம்பதியர் பேசும் வேகத்தையும், அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து வம்பளந்துவிட்டுப் போகும் ஒழுங்கையும் முதலில் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1940 மார்ச்சில் அறிமுகமான அலமாரிக் காட்சி வரும்போது மட்டும் கைவேலையை நிறுத்திவிடுங்கள்: கதவு திறந்ததும் தட்டுமுட்டுச் சாமான்கள் மடமடவெனச் சரிந்து, உருண்டு, எல்லாம் ஓய்ந்தபின் சிறு மணி ஒன்று கிணிங் என்று ஒலிக்கும், அந்த மணிக்கு முந்தைய நொடிநேர மௌனத்தில்தான் ஒலியமைப்பாளரின் கைத்திறன் முழுமையாக வெளிப்படுகிறது என்பேன். ஜான்சன் மெழுகு விளம்பரத்தையும் தாண்டிவிடாதீர்கள். அறிவிப்பாளர் ஹார்லோ வில்காக்ஸ் அதைக் கதைக்குள்ளேயே நுழைத்துவிடுவார்.