ஃபைபர் படகில் ஓட்டையா? வீட்டிலேயே அடைப்பது எப்படி

பாரில் (கடலடிப் பாறையில்) மோதியோ, கரையில் இழுக்கும்போது கல் குத்தியோ, பக்கத்துப் படகின் அணியம் (முன்முனை) இடித்தோ ஃபைபர் படகில் ஓட்டை விழுவது சாதாரண விஷயம்தான். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகியதோடு, அவற்றைப் பழுதுபார்க்கும் வேலையும் பெருகியது. உள்ளங்கை அளவு ஓட்டை என்றால் யார்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. நிழலும் ஒரு கிரைண்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடிக்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட ஒட்டு நாலு மாதத்தில் பெயர்ந்து வந்தால் பலரும் இழையைப் பிடித்து இறுகும் பசையான ரெசினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் ரெசின் மேல் தப்பு இருக்காது. சரியாகத் தேய்க்காததும், ஈரம் காயாததும்தான் காரணம். பழைய ஃபைபர் எப்போதோ இறுகிப்போன பொருள். புது பாலியெஸ்டர் ரெசின் அதோடு கலந்து ஒன்றாகாது, அதன் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். ஆகவே வேலையில் முக்கால் பங்கு தேய்ப்பதும் காயவைப்பதும். ரெசின் தடவுவது கடைசிக் கால் பங்குதான்.

எதைத் தொடக் கூடாது?

ஓட்டை ஏராவின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக்கட்டை) மேல் இருந்தால், இன்ஜின் மாட்டும் பின்பலகையில் இருந்தால், அல்லது சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக இருந்தால் இந்த முறை போதாது. அது பழகிய ஆள் செய்ய வேண்டிய வேலை. இன்னொன்று, கன்னியாகுமரிப் பக்கத்து வள்ளங்களில் பல, பிளைவுட் பலகைக்கு மேலே ஃபைபர் போர்த்தியவை. ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். கண்ணாடி இழை மட்டும் தெரிந்தால் தொடரலாம். நடுவில் பலகை தெரிந்தால், ஊறிய பலகையை வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைத்த பிறகுதான் ஃபைபர் வேலை. அது தனிக் கதை.

வாங்க வேண்டியவை

கணக்குக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஓட்டை 10 செ.மீ. அகலம், படகின் கனம் 6 மி.மீ. இதற்கு 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, ஒரு மீட்டர், ரெசின் ஒரு கிலோ போதும், மிச்சமே இருக்கும். கூடவே ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட், அசிட்டோன், 2 இன்ச் பிரஷ் இரண்டு, சின்ன இரும்பு ரோலர், கிரைண்டருக்கு 36 அல்லது 40 நம்பர் உப்புத்தாள் வட்டு, ரெசினைப் பசைபோல் குழைக்க ஏரோசில் தூள் கொஞ்சம், ஊசி போடும் சிரிஞ்ச் ஒன்று, சமையலறைத் தராசு ஒன்று. மேல்பூச்சுக்கு ஜெல்கோட்டும், படகின் நிறத்துக்கு ஏற்ற பிக்மென்ட்டும்.

கடையில் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: “அண்ணே, இது கோபால்ட் கலந்த ரெசினா, கலக்காததா?” கோபால்ட் என்பது ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம். கலந்ததையே வாங்குங்கள். கலக்காத ரெசின் என்றால் கோபால்ட்டைத் தனிப் பாட்டிலில் கொடுப்பார்கள். அப்போது கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். கோபால்ட்டும் கேட்டலிஸ்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்சைப் பயன்படுத்துவதும் அதே ஆபத்துதான். பாட்டில்களைக்கூடப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேட்டலிஸ்ட் என்பது எம்.இ.கே.பி. எனும் பெராக்சைடு. ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இந்த வேலையில் கண்ணாடி போடாமல் உட்காரவே கூடாது. பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நேரே டாக்டரிடம் போங்கள். தேய்க்கும்போது என்95 மாஸ்க், ரெசின் வேலைக்குக் கரி வடிகட்டி உள்ள மாஸ்க். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது ரெசின் வாடையை நிறுத்தாது. முழுக்கைச் சட்டை போடுங்கள், கழுத்தையும் மூடுங்கள். அப்படியும் இழைத்தூள் ஒட்டி அரித்தால் சொறியாதீர்கள். செல்லோடேப்பை ஒட்டிப் பிய்த்தால் தூள் அதோடு வந்துவிடும், அப்புறம் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள்.

கழுவு, தட்டிப் பார், காயவிடு

படகை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உப்பு இருக்கும்வரை படகு முழுசாகக் காயாது. பிறகு ஒரு நாணயத்தால் ஓட்டையைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் பொத்தென்று அமுங்கும். அமுங்கும் எல்லையைப் பென்சிலால் வட்டம் போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஓட்டை உள்ளங்கை அளவாக இருக்கும், பென்சில் வட்டமோ பெரும்பாலும் அதைவிடப் பெரிதாகத்தான் வரும். அந்த வட்டத்துக்குள் இருப்பதை எல்லாம் வெட்டி எடுக்க வேண்டும். மனசு வராதுதான், ஆனாலும் வெட்டுங்கள். சதுரமாக வெட்டாதீர்கள், மூலையிலிருந்து விரிசல் ஓடும். வட்டமோ முட்டை வடிவமோதான் நல்லது. அதற்குப் பிறகு வரும் கணக்கெல்லாம் வெட்டிய ஓட்டையின் அளவுக்குத்தான்.

இப்போது காயவிடுங்கள். ஏப்ரல், மே வெயிலில் இரண்டு மூன்று நாள் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அவசரம் இல்லையென்றால் வேலையைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஓட்டைக்கு அருகில் பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

தேய்ப்பது

கிரைண்டரைத் தொடுவதற்கு முன்பு அந்த இடத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். மீன் எண்ணெயும் டீசலும் மெழுகும் படிந்திருக்கும். துடைக்காமல் தேய்த்தால் அந்த எண்ணெயையே ஃபைபருக்குள் திணிப்பதுபோல் ஆகிவிடும். அசிட்டோன் பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம். துணி காய்ந்து வாடை போன பிறகுதான் கிரைண்டரை ஓட்ட வேண்டும்.

சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பதுதான் முழு ரகசியமும். ஓட்டையின் விளிம்பில் கத்திபோல் மெலிந்து, வெளியே போகப் போகப் பழைய கனத்துக்கு ஏற வேண்டும். தண்ணீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஓட்டை என்றால் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்கு அந்தச் சரிவு இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 6 மி.மீ. கனம், 12 மடங்கு என்றால் 72 மி.மீ. அதாவது ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 7 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். 10 செ.மீ. ஓட்டைக்கு 24 செ.மீ. வட்டம் தேய்க்க வேண்டியிருக்கும். சின்ன ஓட்டைக்கு இவ்வளவா என்று தோன்றும். இந்த அகலம்தான் ஒட்டைப் பிடித்து வைக்கிறது. விளிம்பைச் செங்குத்தாக விட்டு நடுவில் மட்டும் நிரப்பினால் அது வெறும் மூடி, முதல் பெரிய அலையில் தள்ளிக்கொண்டு போய்விடும்.

சரியாகத் தேய்த்தீர்களா என்று கண்ணே சொல்லிவிடும். ஜெல்கோட்டும் பெயின்ட்டும் முழுக்கப் போய், பழைய அடுக்குகள் ஒவ்வொன்றும் குறுக்கே வெட்டிய வெங்காயத்தின் வளையங்களைப் போல் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். வளையங்கள் ஒரே இடைவெளியில் இருந்தால் சரிவு சீராக இருக்கிறது. ஓரிடத்தில் நெருங்கி இருந்தால் அங்கே சரிவு செங்குத்து, இன்னும் தேய்க்க வேண்டும். தொட்டால் வழவழப்பு எங்கேயும் இருக்கக் கூடாது. படகின் உள்பக்கமும் ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குப் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். முடிந்ததும் தூளைப் பிரஷால் தட்டி, புதுத் துணியில் அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள். அதற்குப் பிறகு கையால் தொடாதீர்கள். அன்றைக்கே ரெசின் போட்டுவிட வேண்டும், ஓர் இரவு பனியில் கிடந்தால் திரும்பவும் தேய்க்க வேண்டிவரும்.

உள்ளே தாங்கு

ரெசின் நனைந்த மேட் தொங்கிப்போகாமல் இருக்க ஓட்டைக்குப் பின்னால் தாங்கு வேண்டும். கை உள்ளே போகும் இடம் என்றால் சுலபம். ஒரு சன்மைக்கா துண்டின் வழவழப்பான பக்கத்தில் மெழுகு தேய்த்து, அந்தப் பக்கம் ஓட்டையைப் பார்க்கும்படி உள்ளிருந்து வைத்து முட்டுக் கொடுங்கள். சன்மைக்கா படகின் வளைவுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும்.

தளம் மூடியிருந்து கை போகாவிட்டால், வெளியிலிருந்தே செய்ய ஒரு வழி இருக்கிறது. மெழுகு பூசிய சன்மைக்காவில் இரண்டு அடுக்கு மேட் போட்டு மெல்லிய ஃபைபர் தகடு ஒன்று செய்யுங்கள். அதை ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிய முட்டை வடிவில் வெட்டி, இரண்டு பக்கமும் தேய்த்து, நடுவில் துளையிட்டுக் கம்பி கோத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் ஏரோசில் கலந்த ரெசின் பசையைத் தடவி, தகட்டைச் சாய்த்து ஓட்டைக்குள் விட்டு, கம்பியால் வெளிப்பக்கம் இழுத்து, குறுக்கே வைத்த குச்சியில் முறுக்கிக் கட்டுங்கள். இறுகியதும் கம்பியை வெட்டிவிட்டு அதன் மேலேயே அடுக்கலாம். இந்தத் தகடு உள்ளேயே இருந்துவிடும்.

ஓட்டைக்குள் தெர்மாகோல் தெரிகிறதா? பல படகுகளில் மிதப்புக்காகத் தளத்துக்குக் கீழே அடைத்திருப்பார்கள். பாலியெஸ்டர் ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்து போகும். அதை ஓட்டையைச் சுற்றி உள்ளே நன்றாகத் தோண்டி எடுத்துவிட்டுத் தகட்டை வையுங்கள். ரெசின் கலக்கத் தெர்மாகோல் கப் எடுப்பவர்களும் உண்டு, கப் கையிலேயே உருகும்.

ரெசின் போடுவது

மேட்டை ஆறு வட்டங்களாக வெட்டி வரிசையாக அடுக்கி வையுங்கள்: 24, 22, 19, 16, 13, 11 செ.மீ. 450 ஜி.எஸ்.எம். மேட் ஓர் அடுக்கு இறுகினால் கிட்டத்தட்ட 1 மி.மீ. கனம் வரும், ஆகவே 6 மி.மீ. படகுக்கு ஆறு அடுக்கு. பெரிய வட்டம் முதலில், சின்னது கடைசியில். சிலர் சின்னதிலிருந்து தொடங்குவார்கள். நான் பெரியதைத்தான் முதலில் போடச் சொல்வேன். அப்போது ஒரே முழு அடுக்கு சரிவு முழுவதையும் பிடிக்கிறது, கடைசியில் மட்டம் பார்த்துத் தேய்க்கும்போதும் அந்த அடுக்கு அறுபடுவதில்லை.

வேலையை நிழலில் வையுங்கள், வெயில் நேரே விழுந்தால் ரெசின் கையிலேயே கட்டியாகும். ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். 100 கிராம் ரெசினுக்கு 1 மி.லி. கேட்டலிஸ்ட் என்பது நம் ஊர் வெக்கைக்குச் சரியான அளவு. குளிர்ச்சியான நாளில் 2 மி.லி. வரை போகலாம். மெதுவாக இறுகட்டும் என்று 1 மி.லி.க்குக் கீழே குறைத்தால் உள்ளே முழுசாக இறுகாமல் கொழகொழவென்று நின்றுவிடும். முதலில் 20 கிராம் மட்டும் கலந்து, எத்தனை நிமிடத்தில் ஜெல்லாகிறது என்று கடிகாரம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் உள்ள நேரம் அவ்வளவுதான்.

தேய்த்த இடத்தில் ரெசினைப் பிரஷால் மெல்லியதாகப் பூசி, முதல் வட்டத்தை வையுங்கள். மேலே பிரஷால் குத்திக் குத்தி நனையுங்கள், இழுக்காதீர்கள், இழுத்தால் இழை பிரிந்து வரும். வெள்ளையாக இருந்த மேட் நனைந்ததும் கண்ணாடிபோல் ஆகும். வெள்ளைப் புள்ளி எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே காற்று இருக்கிறது. ரோலரை நடுவிலிருந்து வெளியே உருட்டிக் காற்றைத் தள்ளுங்கள். ரெசின் நிறைய ஊற்றினால் பலம் கூடாது, மாறாக உடையும் தன்மைதான் கூடும். மேட்டின் எடையைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் போதும்.

மூன்று அடுக்கு போட்டதும் நிறுத்துங்கள். ஆறையும் ஒரே மூச்சில் போட்டால் சூடு ஏறி ஒட்டு முறுக்கிக்கொள்ளும். முதல் மூன்றும் இறுகிச் சூடு தணிந்ததும், பிசுபிசுப்பு இருக்கும்போதே அடுத்த மூன்றைப் போடலாம். மறுநாள்தான் முடியும் என்றால் லேசாகத் தேய்த்துவிட்டுத் தொடருங்கள். டப்பாவில் மிஞ்சிய ரெசின் தானாகவே கொதித்துப் புகையும். அதைக் குப்பைத்தொட்டியில் போடாமல் வெளியே மணலில் வையுங்கள்.

வெளியே இறுகியதும் சன்மைக்காவைக் கழற்றி, அது இருந்த இடத்தைத் தேய்த்து, உள்பக்கமும் இரண்டு அடுக்கு போடுங்கள். பார்வைக்கு அழகாக இருக்காது, ஆனால் நாளைக்கு அதே இடத்தில் அடிபட்டால் தாங்கப்போவது இதுதான்.

எபாக்சி வாங்கலாமா என்று கேட்பார்கள். பழைய பாலியெஸ்டரின் மேல் எபாக்சி இன்னும் நன்றாகவே ஒட்டும், விலைதான் அதிகம். ஆனால் எபாக்சிக்குச் சாதாரண மேட் சரிவராது. மேட்டில் இழைகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில்தான் கரையும். எபாக்சி என்றால் நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். எபாக்சி ஒட்டின் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

மட்டமும் மேல்பூச்சும்

ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு 80 நம்பர் தாளில் மட்டம் பாருங்கள். பள்ளம் இருந்தால் ஏரோசில் கலந்த ரெசினால் மெல்லியதாகப் பட்டி பார்க்கலாம். ஆனால் கனத்தைப் பட்டியால் ஏற்றாதீர்கள், கனம் மேட்டால்தான் வர வேண்டும். பிறகு 120, 220 நம்பர் தாள்.

ஜெல்கோட்டைப் பிக்மென்ட் கலந்து இரண்டு கை பூசுங்கள். காற்றுப் படும் பக்கம் ஜெல்கோட் பிசுபிசுப்பாகவே இருக்கும். அதனால் கடைசிக் கை பூசியதும், மேலே ஒரு ஓ.ஹெச்.பி. ஷீட்டை (கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டிக் குமிழியைத் தள்ளிவிடுங்கள். மறுநாள் பிரித்தால் பளபளவென்று இருக்கும். நிறம் அச்சாகப் பொருந்தாது, வெயிலில் வெளுத்த பழைய நீலத்தைக் கடையில் வாங்கவா முடியும்?

ஒரு வாரமாவது விட்டுத்தான் கடலில் இறக்க வேண்டும். அதற்கு முன் மறுபடி நாணயத்தால் தட்டிப் பாருங்கள், ஒட்டு முழுவதும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். ஓட்டை கீழ்ப்பக்கம் என்றால் படகின் உள்ளே ஒட்டுக்கு மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விட்டு வெளியே கசிகிறதா என்றும் பார்த்துவிடலாம். முதல் சில பயணங்களில் கரைக்கு வந்ததும் ஒட்டின் விளிம்பை விரலால் தடவுங்கள். நகம் மாட்டும் அளவுக்கு ஒரு கோடு தெரிந்தால் அங்கே விளிம்பு தூக்க ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் உள்ளே போவதற்குள் அந்த இடத்தை மட்டும் திறந்து, காயவிட்டு, இன்னும் அகலமாகத் தேய்த்துப் போடுங்கள்.